டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றோம்

கையில் இருந்த பணத்துக்கு ஒரு படம் எடுத்து முடித்துவிட்டோம். முடிக்க ஒன்றரை வருடம் ஆனது, அதில் படப்பிடிப்பு நடந்தது வெறும் 14 நாள்தான். மீதி நாளெல்லாம் எங்கே போனது என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் எழுதிய திரைக்கதை 96 பக்கம். ஒரு பக்கம் சுமாராக ஒரு நிமிடம் என்பார்கள். எங்களை மாதிரி சின்னக் குழு ஒரு நாளில் ஐந்து பக்கம் எடுத்தாலே அதிகம், 14 நாளுக்கு மேல் கேமரா வாடகைக்குப் பணம் கிடையாது, ஆக 70 பக்கத்துக்கு மேல் என்ன எழுதியிருந்தாலும் வீண். வெட்டினேன். மழைக் காட்சி போனது, 11 லொக்கேஷன் 3 ஆனது, கல்யாணக் காட்சியே இல்லாமல் இரண்டு பேர் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது போல மாற்றினேன் (படத்தில் அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எழுதும்போது எரிச்சலாகத்தான் இருந்தது).

லைட்டை எப்படியோ சமாளித்தோம். ஜன்னல் வெளிச்சம், அதைத் திருப்பிவிட எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான். காலையில் எடுத்த ஷாட்டும் மதியம் எடுத்த குளோசப்பும் ஒட்டவில்லை, கலர் கரெக்‌ஷனில் ஓரளவு சரியானது.

மாட்டிக்கொண்டது சவுண்டில். நல்ல கேமராவும் லென்ஸும் எடுத்ததும் பட்ஜெட் இடித்தது, சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் வேண்டாம், டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். கேமராவில் இருக்கும் மைக்கிலேயே பைலட் டிராக் (டப்பிங்கில் கேட்டுப் பேசுவதற்கான தற்காலிக ஒலிப்பதிவு) எடுத்தோம். எடிட்டிங்கில் உட்கார்ந்து கேட்டால் பாதி இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. நடிகர்கள் ஸ்பாட்டில் வசனத்தை மாற்றிப் பேசியிருக்கிறார்கள், அதை யாரும் குறித்துவைக்கவில்லை, உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து வசனத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் போனது. அப்புறம் டப்பிங்குக்கு ஆள் பிடிக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் நட்புக்காக நடித்தவர்களை எந்த உரிமையில் மறுபடி மறுபடி கூப்பிடுவது?

இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியாது. டப்பிங் செய்தால் வசனம் மட்டும் புதிதாக வராது, பழைய டிராக்கை எடுத்துவிட்டால் அதோடு காலடிச் சத்தம், கதவு, நாற்காலி நகர்வது, துணி உரசல் எல்லாமே போய்விடும். அத்தனையையும் திரும்ப உண்டாக்க வேண்டும். ஒரு அறையில் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, ராத்திரியில், திரையைப் பார்த்துக்கொண்டே கதாநாயகனின் செருப்பைப் போட்டு நானே நடந்தேன். ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம், அதையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி பதிவு செய்திருந்தால் போதும், வசனங்களுக்கு நடுவில் வரும் இடைவெளியை அதை வைத்து நிரப்பியிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் மட்டும் ஒரு நண்பர் ரெக்கார்டரும் பூம் மைக்கும் (நீளக் கம்பில் மாட்டி நடிகர்களுக்கு அருகே பிடிக்கும் மைக்) கொண்டுவந்தார். வந்ததும் முதல் வேலையாக விசிறியை நிறுத்தினார், பிரிட்ஜையும் அணைத்துவிட்டு, கிளம்பும்போது திரும்பப் போட மறக்கக் கூடாது என்று தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்தார். அன்று எடுத்த காட்சிகளில் ஒரு வார்த்தைகூட டப் செய்யவில்லை.

ஆள் விஷயமும் சுலபமில்லை. முதல் வாரம் 12 பேர் வந்தார்கள், கடைசியில் 5 பேர். சாப்பாடு நேரத்துக்கு வந்த நாட்களில் யாரும் முகம் சுளிக்கவில்லை, சாப்பாட்டுச் செலவில் மட்டும் நான் கை வைக்கவில்லை. நடுவில் மூன்று வாரம் இடைவெளி விழுந்தபோது கதாநாயகன் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பேட்ச் ஒர்க் (விட்டுப்போனதைப் பிறகு எடுத்துச் சேர்ப்பது) முழுக்கத் தொப்பியோடுதான் இருப்பார். ஒரு ஹார்டு டிஸ்க் செத்துப்போனது, தினமும் இரண்டு காப்பி எடுத்து வைத்ததால் தப்பித்தோம்.

படம் இப்போது 68 நிமிடம். 41வது நிமிடத்தில் ஒரு பிரிட்ஜ் உறுமும். அந்தக் காட்சியில் நடித்தவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார், டப்பிங்குக்கு வர முடியவில்லை. உறுமலை எடுக்கப் பார்த்தால் அவர் குரலும் சேர்ந்து தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல ஆகிறது. அப்படியே விட்டுவிட்டோம்.