எழுத்தில தாங்கோ சேர்

"தங்கச்சி, அந்தப் புத்தகத்தக் கொஞ்ச நாளைக்கு உள்ளுக்க வச்சிருங்கோ, எலெக்ஷன் முடியட்டும்."

நான் வேலை செய்யிற நூலகத்துக்கு வந்த கோல் இவ்வளவுதான். அதட்டல் இல்ல, வெருட்டல் இல்ல, செத்த வீட்டுக்கு கதிரை இரவல் கேக்கிற மாதிரி ஒரு குரல். 2018 மாசி 10ஆம் திகதி உள்ளூராட்சி எலெக்ஷன், அதுக்கு ரெண்டு கிழமை முந்தி. கேட்டவர் முந்தி எங்கட சபையில மெம்பரா இருந்தவர், திரும்பவும் கேக்க நிண்டவர். அந்தப் புத்தகத்தில அவர்ட கட்சியப் பற்றி ஒரு அதிகாரம் இருக்கு, அதுவும் பெரிய ரகசியம் ஒண்டுமில்ல, பழைய பேப்பர்கள்ல வந்ததுகளத் தொகுத்துப் போட்டதுதான். நான் "சரி சேர்" எண்டு சொல்லி ஃபோன வச்சிட்டு, எழும்பிப் போய் இறாக்கையில இருந்து அத எடுத்து என்ர மேசை லாச்சிக்குள்ள போட்டன். கேட்டவரில கோவம் இல்ல எண்டு சொல்லமாட்டன், ஆனா எடுத்தது என்ர கை. இண்டைக்கும் அத நினைச்சா வெக்கமா இருக்கு.

நாலு நாள் கழிச்சு, நாளாந்தம் வாற ஒரு பென்ஷன்காரர், முந்தி தபால் கந்தோர்ல வேலை செய்தவர், அதே புத்தகத்தக் கேட்டார். "வெளிய போயிருக்கு ஐயா" எண்டன். "ஆர் எடுத்தது, எப்ப வரும்?" எண்டார். எனக்கு அந்த நேரம் பொய் தொடர்ந்து வரேல்ல, லாச்சியத் திறந்து எடுத்துக் குடுத்தன். மனுசன் ஒண்டும் ஏசேல்ல, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி லாச்சியப் பாத்திட்டு, "இப்ப லாச்சியும் மெம்பரா சேந்திருக்கோ மிஸ்?" எண்டு கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் நான் வேற மாதிரி வேலை செய்யத் தொடங்கினது.

நான் திருகோணமலை மாவட்டத்தில ஒரு சபை நூலகத்தில 2005ல உதவியாளரா சேந்தவ. சபையின்ர பேர் வேண்டாம், இதை வாசிக்கிற ஆக்களில பாதிப்பேர் எப்பிடியும் கண்டுபிடிப்பாங்க. கடல் காத்தில இரும்பு இறாக்கை எல்லாம் கறள், மழைக்கு வடக்குப் பக்கச் சுவர் வியர்க்கும், காலையில வாசல்ல போட்டிட்டுப் போற பேப்பர மான் இழுத்துச் சாப்பிட்ட நாளும் உண்டு (ட்ரிங்கோ ஆக்களுக்கு இது பகிடி இல்ல எண்டு தெரியும்). தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எண்டு மூண்டு பக்கம். தமிழ் பக்கத்துக்கு கிண்ணியாவில இருந்து, மூதூர்ல இருந்து எல்லாம் பிள்ளைகள் வருங்கள்.

நூலகம் எண்டா அரசியல் எண்டு சொன்னதும் எங்கட ஆக்களுக்கு உடன ஞாபகம் வாறது 1981, வைகாசி 31 இரவு, யாழ்ப்பாண நூலகத்த எரிச்சது. 97,000 புத்தகத்துக்கு மேல, ஓலைச்சுவடிகள். எரியிறதப் பாத்து அதிர்ச்சியிலயே தாவீது அடிகள் செத்துப்போனார் எண்ட கதைய நாங்கள் சின்னனில இருந்து கேட்டு வளந்தம். 1933ல செல்லப்பா எண்ட மனுசன் தன்ர வீட்டில தொடங்கின வாசிப்பு முயற்சி அது, இந்தியாவின்ர நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் ஆலோசனை சொல்லி, 1959ல திறந்த கட்டடம். அந்தக் கதை எங்களுக்குள்ள எவ்வளவு ஆழமாப் போயிட்டுது எண்டா, நூலகத்துக்கு எதிரி எண்டவன் பெற்றோல் கானோட, இரவில, வெளியூர்ல இருந்து வருவான் எண்டே நாங்கள் நம்பிட்டம். எனக்கு வந்தவங்க எல்லாம் பகல்ல வந்தவங்க. வெள்ளைச் சேர்ட் போட்டு, பிளேன்ரீ குடிச்சு, "பிள்ளைகள் எப்பிடி இருக்கினம்" எண்டு கேட்டு. அதிலயும் கூடுதலான ஆக்கள் எங்கட ஆக்கள்தான்.

யாழ்ப்பாண நூலகமே திருத்திக் கட்டி 2003ல திறக்கப்போன நேரம் திறப்புவிழா அரசியல் இழுபறியில நிண்டுபோய், மாநகரசபை மெம்பர்மார் இராஜினாமா செய்தவை. எரிச்சது ஒரு பகுதி, திறக்க விடாம இழுத்தது வேற பகுதி. முதலாவதப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு ரெண்டாவதப் பற்றி நாங்கள் கதைக்கிறேல்ல.

வெளியில இருக்கிறவங்களுக்கு விளங்கிறதுக்காகச் சொல்லுறன், எங்கட நூலகங்கள் கூடுதலா மாநகரசபை, நகரசபை, பிரதேச சபைக்குக் கீழதான். புத்தகம் வாங்கிற வோட் (எலெக்ஷன் வோட் இல்ல, ஒதுக்கிற காசு) சபையிட்ட, லைட் பில் சபையிட்ட, என்ர லீவு சபையிட்ட. ஆனபடியா ஒருத்தர் எங்கள எரிக்கத் தேவையில்ல, வோட்ட வெட்டினாக் காணும், இல்லாட்டி ஆள மாத்தினாக் காணும். என்னை ஒருக்கா ஏழு மாசம் சோலைவரி (வீடு வளவுக்குச் சபை எடுக்கிற வரி) கவுண்டர்ல போட்டவை. காரணம் கடிதத்தில "சேவையின் தேவை கருதி". உண்மையான காரணம், ஒருத்தர்ட வாழ்க்கைப் பாராட்டு மலர், பளபளப்புத் தாள்ல முழுக்க அவர்ட படம், 200 கொப்பி கொண்டுவந்து இறக்கி, எல்லாத்தையும் இறாக்கையில வைக்கச் சொன்னார். நான் ரெண்டு கொப்பி எடுத்து, அன்பளிப்பு எண்டு பதிஞ்சு, மிச்சத்தத் திருப்பி அனுப்பினன். அந்த ஏழு மாசம் நூலகத்தில இருந்தது ஒரு கெஷுவல் பொடியன், பாவம், டூவிய (புத்தகங்கள விசயத்துக்கு ஒரு இலக்கம் போட்டுப் பிரிக்கிற முறை) எப்பிடி வாசிக்கிறது எண்டே அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல. நான் திரும்பி வரேக்க தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811க்குள்ள சமையல் புத்தகமும் கிடந்தது.

எனக்கு மிச்சம் கஷ்டமா இருந்தது சிங்களப் புத்தக விசயம்தான். சிங்களப் பக்கத்தில ஒரு புத்தகம் கிடந்தது, கோணேசர் கோயில் நிக்கிற மலையில முந்தி கோகண்ண எண்ட பௌத்த விகாரை இருந்தது எண்டு வாதாடுறது. இந்த ஊர்ல அது எப்பிடிப்பட்ட நெருப்பு எண்டு எல்லாருக்கும் தெரியும். 2005ல பஸ் ஸ்ராண்ட் பக்கம் ஒரு இரவில வச்ச புத்தர் சிலைக்கு ஊரே கடையடைச்சுக் கிடந்தது, அந்த வருசம்தான் நான் வேலைக்கு வந்தது. எங்கட இளம் ஆக்கள் கொஞ்சப்பேர் வந்து, "அக்கா, இத எரிக்கச் சொல்லேல்ல, எடுத்து எறிஞ்சா என்ன, எங்கட காசில வாங்கி எங்களுக்கு எதிராவே வச்சிருக்கிறீங்க" எண்டு கேட்டவை. எனக்கும் அந்தப் புத்தகத்தில உடன்பாடு இல்ல. வாசிச்சுப் பாத்தன், அடிக்குறிப்பு எல்லாம் தங்கட ஆக்களையே சுத்திச் சுத்தி வருது. ஆனா ரங்கநாதன் 1931ல எழுதின அஞ்சு விதியில மூண்டாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்குரிய வாசகர். இதுக்கு ஆர் வாசகர் எண்டு நான் யோசிச்சுக் கொண்டிருக்கேக்க, அத எடுத்துக் கொண்டு போனது ஆர் தெரியுமா, வரலாறு படிக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை, ஆய்வுக்கு. அவங்க என்ன சொல்லுறாங்க எண்டு தெரியாம என்னெண்டு மிஸ் மறுத்து எழுதுறது எண்டு கேட்டா. நான் அத பௌத்தத்துக்குரிய 294.3ல வச்சிருந்தன், கோயில் வரலாறு இந்து சமயத்துக்குரிய 294.5ல, அப்ப ரெண்டுக்கும் இடையில ஒரு சாண் தூரம். அந்தக் கிழமை என்னைப் பற்றி சந்தியில கதைச்சதுகள இங்க எழுதேலாது, "சிங்களவனுக்கு வாலாட்டுறவ" எண்டதுதான் அதில மரியாதையானது.

இதுக்கு மாறா ஒரு ஒஃபிசர் வந்து இடம்பெயர்வப் பற்றின தமிழ்ப் புத்தகம் ஒண்டக் காட்டி, "இது நல்லிணக்கத்துக்கு நல்லமோ?" எண்டு இழுத்ததும் நடந்தது. ரெண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒண்டுதான், "எழுத்தில தாங்கோ சேர்."

பென்ஷன்கார ஐயாட்ட இருந்துதான் இது வந்தது. லாச்சிக் கதைக்குப் பிறகு அவர் ஒருநாள், "தபால் கந்தோர்லயும் இப்பிடித்தான் மிஸ், வாயால சொன்னா அது காத்து, எழுதினா அது ஃபைல்" எண்டார். நான் ஒரு ஃபோம் அடிச்சு வச்சன். புத்தகத்தின்ர பேர், சேர்வு இலக்கம், நீங்கள் முழுக்க வாசிச்சீங்களா, எந்தப் பக்கம், என்ன செய்யோணும் எண்டு கேக்கிறீங்க, பேர், கையொப்பம். கீழ ஒரு வசனம், யுனெஸ்கோவின்ர பொதுநூலக விஞ்ஞாபனம், 1994ல வந்தது, நூலகச் சேகரிப்பு எந்தவிதமான கருத்தியல், அரசியல், மதத் தணிக்கைக்கும் உட்படக்கூடாது எண்டது. அதோட 2016ல தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்திட்டுது, எழுதித் தந்தா அது சபை ஆவணம், நாளைக்கு ஆரும் கேட்டு எடுக்கலாம். இத நான் சிரிச்சுக்கொண்டு சொல்லுவன். ஃபோம் வாங்கிக்கொண்டு போனவங்க பதினொரு பேர். நிரப்பிக் கொண்டு வந்தது ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரு பள்ளிவாசல் பெரியவர், ஒரு சிறுவர் புத்தகத்தில வுழு (தொழுகைக்கு முந்திக் கை கால் முகம் கழுவிறது) செய்யிற ஒழுங்கு பிழையாப் போட்டிருக்கு எண்டு, பக்க இலக்கத்தோட. மனுசன் சொன்னது சரி, பதிப்பகத்துக்கு எழுதினம்.

அடுத்த ஆயுதம் போர்ட் ஒஃப் சேர்வே. வருசக் கடைசியில வந்து அக்சஷன் ரெஜிஸ்டர (நூலகத்துக்கு வாறதுகள இலக்கம் போட்டுப் பதியிற கொப்பி) வச்சு ஒவ்வொண்டா எண்ணுவாங்க, குறைஞ்சா நாங்கள் பதில் சொல்லோணும், காசும் கட்டோணும். இந்த முறைய நாங்கள் எல்லாரும் திட்டுறனாங்க, ஏனெண்டா களவு போறதுக்குப் பயந்து புத்தகத்தப் பூட்டி வைக்கிற நூலகர்மார உருவாக்கினதே இதுதான். ஆனா "சேர், எடுத்தா என்ர சம்பளத்தில வெட்டுவாங்க, எனக்கு ரெண்டு பிள்ளை" எண்டு சொல்லேக்க அவங்களுக்கு யுனெஸ்கோவ விட அது கெதியா விளங்கும்.

ஆர் என்ன வாசிக்கிறாங்க எண்டு கேட்டு வந்த ஆக்களும் உண்டு, யுத்த காலத்தில. சிவில் உடுப்பில வந்த ஒருத்தர் ஒரு புத்தகத்தக் காட்டி, போன ஆறு மாசம் இத எடுத்தது ஆர் எண்டு கேட்டார். எங்கட பழைய நூலகர் ஐயா ஆறுதலா டிக்கெட் ட்ரேய முன்னால இழுத்து வச்சார். புத்தகம் வெளிய போனா அதின்ர காட் வாசகர்ட டிக்கெட்டுக்குள்ள போகும், திரும்பி வந்தா காட் புத்தகத்துக்கு, டிக்கெட் வாசகருக்கு. பிறகு ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்ல, பின் ஒட்டுத்தாள்ல திகதி மட்டும்தான். "திகதி இருக்கு சேர், ஆள் இல்ல" எண்டார். நான் பக்கத்தில நிண்டு நடுங்கினன். இப்ப கோஹா எண்ட நூலக சொஃப்ட்வெயர் போட்டிருக்கம், அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும், நாங்கள் சொன்னாத்தான் மறக்கும். அந்த செட்டிங் எங்க இருக்கு எண்டு தேடிப் பிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு. கொம்பியூட்டர் வாங்கிக் குடுத்ததுக்கு ரிப்பன் வெட்டின ஒருத்தருக்கும் இது ஒரு கேள்வியாவே வரேல்ல.

இது எங்கட ஊர் வருத்தம் மட்டும் இல்ல. சென்னையில அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010ல திறந்தது, அடுத்த வருசம் ஆட்சி மாறினதும் அத சிறுவர் ஆஸ்பத்திரி ஆக்கப்போறம் எண்டு அறிவிச்சு, ஹைகோர்ட் போய்த்தான் நிப்பாட்டினது. ஆஸ்பத்திரி வேண்டாம் எண்டு ஆர் சொல்லுவான், அதுதான் கெட்டித்தனம். அமெரிக்காவில காங்கிரஸ் நூலகத்துக்குத் தலைவியா இருந்த கார்லா ஹேடன், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர், 2025 மே 8ஆம் திகதி ஒரு ஈமெயில்ல வேலை போச்சு. அத வாசிச்ச அண்டு எனக்கு சோலைவரி கவுண்டர்தான் ஞாபகம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவங்களுக்கு "சேவையின் தேவை கருதி" கூட இல்ல.

பழைய நூலகர் ஐயா 2011ல பென்ஷன் போகேக்க ஒரு சாவி தந்தார், பின் அறை இரும்பு அலுமாரிக்கு. அதுக்குள்ள "பழைய வர்த்தமானி" (அரசாங்க கெசற்) எண்டு லேபிள் ஒட்டின அஞ்சு கட்டு. திறந்து பாருங்கோ பிள்ளை எண்டார். மேலயும் கீழயும் வர்த்தமானிதான், நடுவில 2006 தை மாசப் பேப்பர்கள். தை 2ஆம் திகதி கடற்கரையில அஞ்சு மாணவர்கள் கொல்லப்பட்டது, அந்தப் பிள்ளைகள்ட படத்த எடுத்துப் போட்ட ஊடகவியலாளர் சுகிர்தராஜன் தை 24 இந்த ஊர்லயே சுட்டுக் கொல்லப்பட்டது, எல்லாம் அதுக்குள்ள. பேப்பர் கட்டுகள ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கடதாசி விலைக்கு விக்கிறது வழமை, இத மட்டும் அவர் விக்கேல்ல, ஒருத்தருக்கும் காட்டவும் இல்ல. வர்த்தமானிய ஆர் திறந்து பாப்பான் எண்டார்.

அவர் ஒளிச்சதும் ஒளிப்புத்தான், நான் லாச்சிக்குள்ள போட்டதும் ஒளிப்புத்தான். ரெண்டும் ஒண்டில்ல எண்டு எனக்குத் தெரியும், ஆனா அஞ்சு வருசம் ஒரு வாசகரும் அந்தக் கட்டத் தொடேல்ல எண்டதும் உண்மைதானே.

போன வருசம் சட்டம் படிக்கிற ஒரு பிள்ளை வந்து அந்த மாசப் பேப்பர் இருக்கா எண்டு கேட்டா, அவ 2006ல பிறந்தவளாம். மேசையில விரிச்சுக் குடுத்தன், ஓரமெல்லாம் பழுப்பேறி உதிருது, ஃபோன்ல ஒவ்வொரு பக்கமா படம் எடுத்தா, மத்தியானம் சாப்பிடவும் எழும்பேல்ல. மூடுற நேரம் நானும் அவளும் சேந்து திரும்பக் கட்டி அலுமாரிக்குள்ள வச்சம். "மிஸ், இதில வர்த்தமானி எண்டு பிழையா எழுதியிருக்கு" எண்டாள். ஓம் பிள்ளை, மாத்தோணும் எண்டன். அக்சஷன் ரெஜிஸ்டர்ல அண்டைக்கே பதிஞ்சிட்டன், இலக்கமும் குடுத்தாச்சு.

லேபிள மட்டும் நான் இன்னும் மாத்தேல்ல.