ஊரெல்லாம் சைக்கிள், கடையில் ஆளில்லை

புதுக்கோட்டையில் நான் 38 ஆண்டுகள் வேலை பார்த்த சைக்கிள் கடை 2023 மார்ச் மாதக் கடைசியில் மூடப்பட்டது. கேள்விப்பட்டு வந்தவர்கள் அனைவரும், "இப்போ யாருங்க சைக்கிள் ஓட்டுறாங்க?" என்று ஒரே காரணத்தைச் சொல்லி எங்களைத் தேற்றினார்கள். அது உண்மையில்லை என்பதால் அந்த ஆறுதல் என்னிடம் ஒட்டவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த 1985இல் நான் குடியிருந்த தெருவில் சைக்கிள் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடையைப் பூட்டிய ஆண்டில் அதே தெருவில் சைக்கிள் இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருந்தது. திண்ணை ஓரத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் காற்றிறங்கிக் கிடந்தாலும் அவையும் சைக்கிள்கள்தாம். சைக்கிள்கள் பெருகிய ஊரில் சைக்கிள் கடை எப்படிச் செத்தது என்பதை, உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதிப் பார்க்கிறேன்.

கடையைத் தொடங்கியவர் எங்கள் முதலாளியின் தகப்பனார். நான் சேர்ந்தபோது கடைக்கு முப்பது வயது, எனக்குப் பதினைந்து. முதலாளியை ஊரே 'பாய்' என்று அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைத்தோம்; அவர் எங்களைத் 'தம்பி' என்பார், கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்வார். வாசலில் 24 வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். மணிக்கு 50 காசு. பெயரும் ஊரும் வண்டி எண்ணும் எடுத்த நேரமும் நீள நோட்டில் பதியப்படும். தெரியாத ஆளாக இருந்தால் தெரிந்த ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். வாடகை வண்டிகளில் டைனமோ கிடையாது, விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால் பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டிகளும் கடைக்குத் திரும்பிவிடும். நாற்பது பேர் வாடகைக்கு எடுத்த நாளில் புதுச் சைக்கிள் ஒன்றுகூட விற்றிருக்காது. ஆனாலும் பாய் முகத்தில் கவலை இருக்காது.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத கணக்கு இதுதான். சைக்கிள் கடை சைக்கிள் விற்றுப் பிழைத்ததில்லை. புது வண்டியில் கிடைக்கும் லாபம் எப்போதும் சொற்பம். வாடகை, காற்று, பஞ்சர், ஓவராயில் ஆகிய நான்கும்தான் கடையைத் தாங்கிய கால்கள். இந்த நான்கும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதை நம்பியிருப்பவை. வருவதற்கான தேவை ஒவ்வொன்றாகக் குறைந்தது. எங்கள் கதை அவ்வளவுதான் என்றும் சொல்லலாம்.

ஓவராயில் என்பது என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வண்டியை முழுவதுமாகப் பிரித்து, ஹப், பெடல், பாட்டம் ஆக்சில், ஹேண்டில்பார் கப் என்று பால்ரஸ் என்னும் இரும்புக் குண்டுகள் ஓடும் ஒவ்வொரு இடத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த கோன்களையும் பால்ரஸ்களையும் மாற்றி, புது கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுவது. பிறகு சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். பழைய கறுப்புச் சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 கம்பிகள், பின் சக்கரத்தில் 40 கம்பிகள். பாரம் பின்னால் விழுவதால் அந்த எட்டு கம்பி அதிகம். கம்பியை இறுக்கும் ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, சுண்ணாம்புக் கட்டியைச் சுழலும் ரிம்மின் அருகில் பிடித்து, கோடு விழும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நேராக்க வேண்டும். இந்த வேலையைத் தனியாகச் செய்ய பாய் என்னை அனுமதிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னும், ஆயுத பூஜைக்கு முன்னும் ஓவராயிலுக்கு வண்டிகள் குவிந்துவிடும். ஆயுத பூஜையன்று வாடகை வண்டிகள் அத்தனையையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைப்போம். பொரியும் வெல்லமும் பாய் வீட்டுச் செலவு. அவர் பூஜைக்கு நிற்கமாட்டார், ஆனால் பொரி எல்லாருக்கும் கிடைத்ததா என்று கேட்காமல் வீட்டுக்குப் போகவும் மாட்டார்.

எங்கள் கடையின் உச்சம் 1991, 92 ஆண்டுகள். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்தது. கல்லுடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூக்கட்டுபவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மைதானங்களில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் 24 வண்டிகளும் காலை ஏழு மணிக்கே போய்விடும். திரும்பும்போது பாதி வண்டிகளின் பெடல் வளைந்திருக்கும். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகவும் இருந்தது, விலையும் கூடுதல். அதனால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குழந்தையை உட்கார வைக்க முன்னால் பார் வேண்டும் என்று கேட்டே வாங்கியவர்களும் உண்டு. "இந்தப் பொம்பளைங்க கத்துக்கிட்டா வாடகைக்கு வரமாட்டாங்களே பாய்" என்று அப்போது விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டி வாங்குவாங்க, பஞ்சருக்கு வருவாங்க" என்றார். அவர் சொன்னதும் நடந்தது.

டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து 1980இலேயே வெளிவந்துவிட்டாலும் எங்களுக்கு அது உறைத்தது தொண்ணூறுகளின் நடுவில்தான். தவணைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் பால்காரர்கள், மீன்காரர்கள், பாத்திர வியாபாரிகள் ஒவ்வொருவராக மாறினார்கள். இவர்கள்தாம் எங்களுடைய கெட்டியான வாடிக்கையாளர்கள். பெரிய கேரியரும் இரட்டைக் கம்பி ஸ்டாண்டும் வைத்து, மாதம் ஒரு டயர் தேய்ப்பவர்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்க்காற்றில் நாற்பது லிட்டர் பாலைக் கட்டிக்கொண்டு மிதித்த மனிதன், மிதிக்காமல் போக வழி கிடைத்தால் போகத்தான் செய்வான்.

அடுத்தது பள்ளிப் பிள்ளைகள். மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு 2001-02இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லாருக்குமாக விரிந்தது. இந்தத் திட்டத்தைத் திட்டிக்கொண்டே கடையை மூடிய சைக்கிள் கடைக்காரர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். என் அண்ணன் மகள் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை போய்ப் படித்தது அந்த வண்டியில்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தொடக்கத்தில் அது எங்களுக்கு வேலை கொடுத்தது. உதிரிகளாக வந்திறங்கி, பள்ளி மைதானத்தில் அவசரமாகப் பூட்டப்பட்ட வண்டிகள் அவை. வாங்கிய மறுநாளே பிரேக் பிடிக்கவில்லை, செயின் கழல்கிறது, சக்கரம் ஆடுகிறது என்று பிள்ளைகள் கடைக்கு வந்து நின்றார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இரவு ஒன்பது வரை வேலை இருந்தது.

ஆனால் அந்த வண்டிகளோடு ஒரு பழக்கமும் போனது. காசு சேர்த்து வாங்கிய வண்டியை ஆண்டுக்கொரு முறை பிரித்துக் கழுவி, தம்பிக்கு, தம்பி மகனுக்கு என்று கொடுத்தவர்கள், இரண்டு ஆண்டுகளில் அடுத்த பிள்ளைக்கும் ஒன்று வரும் என்று தெரிந்தபிறகு பழையதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்? 2015 வாக்கில் ஓவராயிலுக்கு நாங்கள் 400 ரூபாய் கேட்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியும் சாமானும் சேர்ந்தால் அதற்குக் கீழே இறங்க முடியாது. அதே வண்டியைப் பழையதாக விற்றால் 1,000 ரூபாய்க்குத்தான் போனது. கணக்குப் போட்டவர்கள் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். (மண்ணெண்ணெய் கிடைக்காமல் போய் நாங்கள் டீசலில் கழுவத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். டீசல் நாற்றம் கையைவிட்டுப் போக இரண்டு சோப்பு வேண்டும்.) வாடகை நோட்டில் கடைசிப் பதிவு 2009இல். அந்த நோட்டைப் பாய் தூக்கிப்போடாமல் பத்து ஆண்டுகள் மேசையிலேயே வைத்திருந்தார்.

கியர் சைக்கிளுக்கு மாறியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முயன்றோம். ஒரு நிறுவனத்திடம் முகவராகக் கேட்டபோது, வைப்புத்தொகையோடு ஒரே தடவையில் 40 வண்டிகள் எடுக்க வேண்டும், கண்ணாடி முகப்பு வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் கடையின் அகலமே பத்தடி. பிறகு அட்டைப்பெட்டியில் இணையவழி சைக்கிள்கள் வரத் தொடங்கின. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, "பூட்டித் தாங்க" என்பார்கள். டிஸ்க் பிரேக்கும் கியரும் சரிபார்க்கப் பாதி நாள் ஆகும். 300 ரூபாய் என்றால், "ரெண்டு நட்டுதானே முடுக்கணும்" என்பார்கள். 2020 ஊரடங்கில் உடற்பயிற்சிக்காகச் சிலர் சைக்கிள் தேடி வந்தபோது காலம் திரும்புகிறதோ என்று ஒரு நப்பாசை தோன்றியது. அந்த ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றுதான் அட்லஸ் சைக்கிள் நிறுவனம் டெல்லிக்கு அருகிலுள்ள தன் சாஹிபாபாத் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. செய்தித்தாளைப் படித்துவிட்டுப் பாய் எழுந்துபோய் அலமாரியில் இருந்த அட்லஸ் சாமான்களை எண்ணிப் பார்த்தார். எதற்காக எண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

சைக்கிள் மீதான ஜிஎஸ்டியை 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2025 செப்டம்பரில். அப்போது எங்கள் பத்தடிக் கடையில் செல்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடையை மூடும் முன் கட்டடம் கைமாறியிருந்தது; புது உரிமையாளர் கேட்ட வாடகை எங்கள் மாத வரும்படியைவிட அதிகம். மூடும்போது பாய்க்கு வயது எழுபத்தொன்று, அவருடைய பையன்கள் இருவரும் வெளிநாட்டில். எனக்குப் பின் வேலை கற்க ஒரு பையன் வந்து சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த கடைசிப் பையன் ஆறு மாதத்தில் பைக் பட்டறைக்குப் போய்விட்டான்.

மூடுவது என்று முடிவானபின் பெரிய தொல்லையாக இருந்தவை, சரிசெய்யக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன ஒன்பது வண்டிகள். சங்கிலி போட்டு ஒரு மூலையில் நின்றன. சிலவற்றில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய தொலைபேசி எண் இருந்தது. ஒவ்வொருவராக அழைத்தேன். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர், "அது எங்களதுதானா?" என்றார். நான்கு பேர், "கிடக்கட்டும்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்றார்கள். இன்னொருவர் வருவதாகச் சொன்னார், வரவில்லை.

வந்தது ஒரே ஒருவர். அறுபதைத் தாண்டிய அம்மா, அறிவொளிக் காலத்தில் எங்களிடம் தவணைக்கு எடுத்த கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிள் அவருடையது. பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் தேய்ந்து பெடல் ஆடுகிறது என்று விட்டுப்போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நடுவில் கண் அறுவைச் சிகிச்சையாம். பின்னை மாற்றி, காற்றடித்துக் கொடுத்தேன்.

"இனிமே காத்துக்கு எங்க தம்பி போறது?" என்றார்.

"பெட்ரோல் பங்குல பிடிச்சுக்கங்கம்மா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டி வண்டியை உருட்டிக்கொண்டு படியிறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது: பங்குக் குழாயின் வாய் பைக், கார் வால்வுக்கு உள்ளது, இந்தப் பழைய வால்வில் அது உட்காராது. கூப்பிட்டு நிறுத்தி, விற்பனைக்கு ஒதுக்கியிருந்த கைப்பம்பு ஒன்றை எடுத்துக் கேரியரில் கட்டி, வால்வுக்குள் மாட்டும் ரப்பர் ட்யூப் ஒரு முழம் வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். "பம்பு எவ்வளவு பாய்?" என்று அவர் உள்ளே பார்த்துக் கேட்டார். வேண்டாம் என்று பாய் கையசைத்தார். அந்த அம்மா கேட்கவில்லை. நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, மீதிச் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார்.