சிஸ்பிளாட்டினும் மூன்றாம் நாளும்

வேலூரில் ஒரு மருத்துவமனையின் கீமோ பகல்நேரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏறும் நோயாளியின் கட்டிலருகே அளவுக்கோடு போட்ட சிறுநீர்க் குவளை ஒன்று தவறாமல் இருக்கும். மருந்து ஏறுவதற்கு முன்பும் பின்பும் பொட்டாசியமும் மெக்னீசியமும் கலந்த சலைன் ஏறிக்கொண்டே இருப்பதால், ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று எழுதுவதே எங்களுடைய பாதி வேலை. "இன்னா சிஸ்டர், மருந்து ஒரே பாட்டிலு, மீதியெல்லாம் உப்புத் தண்ணியா? இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று பேரணாம்பட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அலுத்துக்கொண்டார். "மருந்து உங்க கட்டிக்கு ஐயா, தண்ணி உங்க கிட்னிக்கு" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் விஷயம் அதைவிடச் சற்றே நீளமானது.

பிளாட்டினம் என்னும் உலோக அணுவோடு இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் சேர்ந்ததுதான் சிஸ்பிளாட்டின். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது தயாரிக்கப்பட்டிருந்தாலும், அதன் மருத்துவப் பயன் 1960களில்தான் தெரியவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் மின்புலத்தில் பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்தபோது அவை பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. அதற்குக் காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்து வந்த சேர்மங்களே என்பது பிறகு புலப்பட்டது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, உடலெங்கும் பரவிய விரைப்புற்றையும் குணப்படுத்தக்கூடிய நோயாக மாற்றியது. எங்கள் பிரிவிலோ பெரும்பாலும் வாய், தொண்டைப் புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

ரத்தத்தில் குளோரைடு மிகுதியாக இருப்பதால் மருந்து அங்கே பெரும்பாலும் கலையாமல் இருக்கிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு என்பதால், உள்ளே நுழைந்ததும் குளோரின் கழன்று அந்த இடத்தில் நீர் மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. அப்போதுதான் பிளாட்டினம் வீரியம் பெற்று டிஎன்ஏவின் இழையைப் பிடித்து வளைத்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய முடியாத செல் மடிகிறது. மருந்தைக் குளுக்கோஸில் மட்டும் கலக்காமல் சலைனில் கலப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம். அலுமினியப் பாகமுள்ள ஊசி இதற்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் படிகம் கட்டிவிடும் என்பதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. கீமோ மருந்து என்றாலே குளிரில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இந்த மருந்தை உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன என்பதே சிக்கல். தண்ணீர் தாராளமாக ஓடினால் மருந்து நீர்த்து விரைவில் வெளியேறும். ஆகவே ஒவ்வொரு முறையும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் மருந்தைத் தொடுவதில்லை. இதெல்லாம் எங்கள் கண்ணெதிரில் நடப்பதால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் இந்த மருந்து கிளப்பும் வாந்தியின் இரண்டாவது அலை, நோயாளி ஊருக்குத் திரும்பிய பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் எழும்புகிறது. அன்று அவர் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ ஓட்டு வீட்டில் படுத்திருப்பார். கத்திரி வெயில் என்றால் வேலூர்ப் பக்கத்து வெப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "குடிச்சா வாந்தி வருது, அதான் தண்ணி குடுக்கல" என்பார்கள் வீட்டார். பெண்களில் பலர், வழியில் ஒதுங்க இடமில்லை என்று பேருந்துப் பயணம் முழுக்கத் தொண்டையை நனைப்பதே இல்லை. அதன்மேல் கதிர்வீச்சினால் வந்த தொண்டை வலிக்கு மெடிக்கல் கடையில் சிறுநீரகத்துக்கு ஆகாத டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் சேர்ந்தால் சிறுநீரகம் எதைத்தான் தாங்கும்? இந்த மருந்தைப் பொறுத்தவரை, ஊசி ஏற்றும் திறமையைவிட வீட்டாரை உட்காரவைத்துப் பேசும் அரை மணி நேரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த மருந்து காதையும் பாதிக்கும் என்பதால், அதைப் பற்றியும் நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரும் தாமாகச் சொல்வதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் முதலில் மங்கும், காதில் வண்டு ரீங்கரிப்பது போலிருக்கும். போன செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. தோல் தொழிற்சாலை இயந்திரத்தின் அருகே காலமெல்லாம் வேலை செய்தவருக்குக் காது முன்பே அடிபட்டிருக்கக்கூடும் என்பதால், தொடங்குவதற்கு முன்பே செவிப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. நரம்புப் பாதிப்பு இன்னும் தந்திரமானது: மருந்தை நிறுத்திய பின்னும் சில மாதங்கள் அது கூடிக்கொண்டே போகலாம். நுரையீரல் புற்றுக்கு எல்லாச் சுற்றும் முடித்துவிட்டுப் போன குடியாத்தத்துப் பீடித் தொழிலாளி அம்மா ஒருவர் மறு பரிசோதனைக்கு வந்தபோது, விரல்களை என்முன் நீட்டினார். இலையைச் சுருட்டிவிட முடிகிறதாம். நுனியை மடிப்பதும் நூலைச் சுற்றுவதும்தான் வரவில்லையாம். "நூலு இருக்கறதே தெரியலம்மா" என்றார். ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அதை மருத்துவர் சொன்னபோதும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை தொல்லை இருக்கும்போது, இதே பிளாட்டினம் வகையைச் சேர்ந்த கார்போபிளாட்டின் மருந்துக்கு மாற்றிவிடக் கூடாதா என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. சிறுநீரகத்துக்கும் காதுக்கும் அது மென்மையானதுதான். ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் கூடுதலாகக் குறைக்கும், விரைப்புற்று போன்றவற்றில் சிஸ்பிளாட்டினுக்கு ஈடாகாது. கிரியாட்டினின் ஏறியவருக்கும் காது மங்கியவருக்கும் மருத்துவரே மாற்றிக் கொடுப்பார்.

மூன்றாம் நாள் நான் தொலைபேசியில் அழைப்பேன் என்று வீட்டாரிடம் சொல்லியனுப்புகிறேன். சிறுநீர் எத்தனை முறை போனது, என்ன நிறம், வாந்தி மாத்திரை வேளைக்குப் போகிறதா, வேறு ஏதாவது மாத்திரை வாங்கினீர்களா என்பவைதான் கேள்விகள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால், வேலூர் வரை வர வண்டி தேடிக்கொண்டிருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கே போய், நாங்கள் கொடுத்த சீட்டைக் காட்டி, சிஸ்பிளாட்டின் போட்டிருக்கிறது என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.