எழுதினால் தெரியாத சிலேட்டு

நாற்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா சேலை எடுத்துத் தந்தாள். வீட்டுக்காரர் ஏர் ஃப்ரையர் வாங்கித் தந்தார் (அது அவருக்கு அவரே வாங்கிக்கொண்டது என்பது என் கருத்து). அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுக்கும் அதே காபி மக். தம்பி கொடுத்த டப்பாவில்தான் நோட்டுப் புத்தக அளவில் கறுப்பாக ஒரு பலகையும் ஒரு பேனாவும் இருந்தன. நான் அதன்மேல் மவுஸை வைத்து உருட்டிப் பார்த்தேன்.

"எக்கா, அது மவுஸ் பேடு இல்ல. கம்ப்யூட்டர் திரையில படம் வரையிறது."

அம்மா பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தாள். பலகையில் ஒன்றுமே விழவில்லை. "என்னட்டி இது, எழுதினா தெரியாத சிலேட்டு?"

மும்பையில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு எலிமென்டரி, இன்டர்மீடியட் டிராயிங் தேர்வுகள் நினைவிருக்கும். மாநில அரசு நடத்துவது. தாராவியிலிருந்து போய் எலிமென்டரி எழுதி 'சி' கிரேடு வாங்கினேன். அதற்குமேல் வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். தம்பி அதை மறக்கவில்லை போல.

முதல் வாரம் வரையவே இல்லை, செட்டிங்கோடு சண்டைதான். பேனாவுக்கு பேட்டரி எங்கே போடுவது என்று அதைத் திருகிப் பார்த்தேன். பேட்டரியே கிடையாதாம். பலகைக்குள் உண்டாகும் மின்காந்த அலையிலிருந்து பேனாவுக்குள் இருக்கும் சுருள் சக்தி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பேனா பலகையைத் தொடாமல் சற்று மேலே நின்றாலே திரையில் அம்புக்குறி நகர்கிறது. அடுத்த சிக்கல், வட்டம் போட்டால் படுத்த முட்டை வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் மேசையில் இரண்டு திரைகள். பலகை இரண்டையும் சேர்த்து ஒரே அகலத் திரையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு திரைக்கு மட்டும் என்று மாற்றி, நீள அகல விகிதத்தைப் பூட்டியதும் முட்டை வட்டமானது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கவில்லை. கிரிதா இலவசம், முழுக்க வரைபவர்களுக்காகவே செய்தது. அதில் எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வந்தபோது பேனாதான் பழுது என்று நினைத்தேன். இல்லை. டேப்லெட் (இந்தப் பலகைதான்) செட்டிங்கில், பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்ல 'வின்டேப்', 'விண்டோஸ் இங்க்' என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. மற்றதைத் தேர்ந்தெடுத்து, கிரிதாவை மூடித் திறந்ததும் கோடு மெலிந்தும் தடித்தும் ஓட ஆரம்பித்தது. அன்று இரவு பன்னிரண்டு மணிக்குத் தம்பியை எழுப்பிச் சொன்னேன்.

அப்புறம்தான் உண்மையான கஷ்டம். கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில். "கோலம் போட்ட கை, உனக்கென்ன" என்று எல்லாரும் சொன்னார்கள். கோலம் கொஞ்சமும் உதவவில்லை. கோலத்தில் கண் விரலையும் புள்ளியையும்தான் பார்க்கும். இங்கே விரலைப் பார்த்தால் தொலைந்தோம். தினமும் கால் மணி நேரம் இரண்டு புள்ளி வைத்து அவற்றை ஒரே கோட்டில் சேர்ப்பது, அதை மட்டும்தான் செய்தேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், பலகையைப் பார்க்கவே இல்லையே என்று வரைந்து முடித்தபிறகு தோன்றியது. மே மாத வியர்வையில் உள்ளங்கை பலகையில் ஒட்டிக்கொள்ளும். பழைய சாக்ஸை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டேன். கடையில் விற்கும் கையுறைக்கு இது ஒன்றும் குறைச்சலில்லை.

என்னை அதிகம் கெடுத்தது கன்ட்ரோல்-இசட், கடைசியாகப் போட்ட கோட்டை அழித்துவிடும் விசைகள். காகிதத்தில் தப்பான கோடு விழுந்தால் அதை வைத்துக்கொண்டே மேலே போவேன். இங்கே ஒரு புருவத்தை முப்பது தடவை அழித்து வரைந்தேன், முப்பதாவது முதலாவதைவிட மோசம். கடைசியில் இடது கையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு வரையப் பழகினேன். அழிக்க விரல் கிடையாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் படங்களுக்கு உயிர் வந்தது அதற்குப் பிறகுதான்.

லேயர், அதாவது படத்தை அடுக்கடுக்காக வரைவது, சட்டென்று பிடிபட்டது. பட்டர் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது மாதிரிதான்: அடியில் மங்கலாகப் பென்சில், நடுவில் வண்ணம், மேலே கோடு. வண்ணம் கெட்டால் கோடு கெடாது.

ஜூலையில் அம்மாவுக்குப் பிறந்தநாள். அவள் முகத்தையே வரைந்து கொடுக்கலாம் என்று துணிந்தேன். முதலில் 800க்கு 600 பிக்சலில் ஆரம்பித்துப் பாதி முடித்த பிறகுதான், ஏ4 தாளில் தெளிவாக அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும் என்று தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து. பத்து மாலைகள் பிடித்தது. முகத்தின் கோணல் தெரிய வேண்டுமென்றால் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார் என்று எங்கோ படித்திருந்தேன். நல்ல யோசனைதான், ஒரு கண் மேலே ஏறியிருந்தது உடனே தெரிந்தது. சரிசெய்து, செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் அச்செடுத்தேன். திரையில் பளீரென்று இருந்த கிளிப்பச்சைச் சேலை தாளில் வாடிய கீரையாக வந்தது. திரை ஒளியால் காட்டும் பச்சை அத்தனையையும் அச்சு மையால் காட்ட முடியாது என்று கடைக்காரப் பையன் இந்தியில் விளக்கினான்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, நான் என்னைக்கு இடப்பக்கம் மூக்குத்தி போட்டேன்? வடக்கத்திக்காரி மாதிரில்லா வரைஞ்சிருக்க."

கிரிதாவில் 'எம்' விசையை அழுத்தினால் பார்வை மட்டும் திரும்பும், படம் அப்படியே இருக்கும். நான் மெனுவில் போய்ப் படத்தையே திருப்பியிருக்கிறேன், திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். ஒரே கிளிக்கில் சரியானது. ஆனால் ஜெராக்ஸ் கடைக்கு இன்னொரு நடை.

டிசம்பரில் தம்பிக்குப் பிறந்தநாள். அவனுக்கு மூக்குத்தி இல்லை, அந்த மட்டும் நிம்மதி.