ரெட் பிளஃப்ல ஷட்டரைத் தூக்கியாச்சு

கலிஃபோர்னியால ஐ-5 ஹைவேல வடக்க போறப்பெல்லாம் ரெட் பிளஃப்ங்கிற ஊர்ல காபிக்கு இறங்குவேன், இந்த தடவ ஆத்துப்பக்கமும் போய்ப் பாத்தேன். சாக்ரமென்டோ ஆத்துக்குக் குறுக்க ஒரு அணை, அதுல 11 ஷட்டர், எல்லாம் மேல தூக்கியே நிக்குது, கீழ தண்ணி அது பாட்டுக்கு ஓடுது.

1964ல கட்டுனது. ஷட்டரை இறக்குனா ஆத்து மட்டம் ஏறும், தண்ணி தானா டெஹாமா-கொலூசா கால்வாய்க்குள்ள போயிரும், சுமார் 1,50,000 ஏக்கர் பாசனம். கடல்லேந்து முட்டை போட ஆத்துல மேல ஏறி வர்ற சால்மன் மீனுக்கு, அணையத் தாண்டிப் போக படிப்படியா தண்ணி வழியற மீன் ஏணியும் வச்சிருந்தாங்க, ஆனா மீன் முதல்ல அந்த ஏணியோட வாசலைக் கண்டுபிடிக்கணும்ல, நடுவுல ஷட்டருக்கு அடியில தண்ணி சீறிட்டு வர்றப்ப ஓரத்துல வர்ற சின்ன ஓட்டத்த எங்க போய்த் தேடும்? அங்கயே முட்டிட்டு நிக்கும். கடலுக்குப் போற குஞ்சுங்க பாடு இன்னும் மோசம், ஷட்டருக்கு அடியில புகுந்து தலை சுத்தி வெளிய வரும், அங்க குஞ்சுங்களத் திங்கிற பைக்மின்னோ மீனுங்க பந்தியில இலை போட்டு உக்காந்த மாதிரி காத்துட்டிருக்கும்.

குளிர்காலத்துல ஆத்துக்குள்ள வர்ற ஒரு வகைக்குப் பேரு குளிர்கால சால்மன், 1969ல ஒரு லட்சத்துக்கு மேல வந்தது 1991ல சுமார் 200தான். இந்த அணை மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், மேல ஷாஸ்தா அணை 1940கள்லயே அதுங்க முட்டை போடுற குளிர் ஊத்துகளுக்குப் போற வழிய அடைச்சிருச்சு.

1980கள் கடைசியில குளிர்காலத்துல மட்டும் ஷட்டரைத் தூக்க ஆரம்பிச்சாங்க, 2011ல மொத்தமா தூக்கிட்டாங்க. விவசாயத்துக்கு? 2012ல பக்கத்துலயே பம்ப் ஸ்டேஷன், அதுக்கு முன்னாடி 1,100 அடி நீளத்துக்கு சல்லடை. எதுக்கு இவ்ளோ நீளம்னு முதல்ல எனக்குப் புரியல. சல்லடை ஓட்டை சின்னதா இருந்தா மட்டும் போதாதாம், தண்ணி வேகமா இழுத்தா குஞ்சு அதுலயே ஒட்டிக்கிட்டு செத்துரும், அதனால கலிஃபோர்னியால வினாடிக்கு 0.33 அடி வேகம்தான் கணக்கு. அதே தண்ணிய மெதுவா எடுக்கணும்னா வாய் அகலமா இருந்தாகணும், அவ்ளோதான் விஷயம். எனக்கு அணையவிட இந்த சல்லடைதான் பெரிய வேலையாத் தெரியுது.

ஊர்க்காரங்களுக்கு வருத்தம்தான், ஷட்டர் இறக்குனா கோடையில ஒரு ஏரி கிடைக்கும், படகு ரேஸ்லாம் நடக்கும், அது போச்சு.

இன்னொன்னு, பேருதான் குளிர்கால சால்மன், முட்டை போடுறது கொளுத்துற வெயில்ல. 2014 வறட்சியில ஷாஸ்தாலேந்து விட குளிர்ந்த தண்ணி பத்தாம முட்டையும் குஞ்சுமா கிட்டத்தட்ட 95 சதவீதம் செத்துப்போச்சு. அந்த வருஷம் ஷட்டரெல்லாம் மேலதான் இருந்துச்சு.