கிலோவாட்டுக்கு ஒரு லட்சம் தேடிப் போன கதை

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். நடுவில் அப்பா கட்டிய மெத்தை வீடு, சுற்றிலும் தென்னை, ஒரு மூலையில் அம்மாவின் முள்ளுக்கத்திரி. 2024 வைகாசியில் மச்சான் செல்போனில் ஒரு நோட்டீஸ் அனுப்பினான். வீட்டுக்கு வீடு காற்றாலை, மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு ஒரு லட்சம் என்று போட்டிருந்தது. கீழே ஒரு நம்பர்.

போன் செய்தேன். மறுநாளே ஒருவர் பைக்கில் வந்துவிட்டார். ஒரு கிலோவாட் காற்றாலை, பேட்டரி, இன்வெர்ட்டர், 20 அடிக் கம்பம் எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய் என்றார். ஒரு லட்சம் பிறகு கணக்கில் வந்துவிடும், இப்போது ஃபைல் போட 50,000 முன்பணம் கொடுங்கள் என்றார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிற நாட்டில் காற்றுக்கா பஞ்சம் சார் என்று ஒரு போடும் போட்டார். அந்தப் பழமொழியில் நான் பாதி விழுந்துவிட்டேன். அம்மாதான், "இன்னாடா அவசரம், ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேளு" என்றார்.

முதலில் எங்கள் பகுதி ஈ.பி. பிரிவு அலுவலகம். உதவிப் பொறியாளர் பொறுமையாகவே பேசினார். வீட்டு மாடி மின்சாரத்துக்கான நெட் மீட்டர் முறை (நாம் லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்தை பில்லில் கழிப்பது) 2021-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி நடக்கிறது, அது சூரிய மின்சாரத்துக்கானது. காற்றாலையை வைத்துக்கொண்டு அதே விண்ணப்பத்தில் வர முடியாது. பேட்டரியில் நிரப்பி நீங்களே செலவழிக்க வேண்டியதுதான் சார் என்றார். பேட்டரி என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு. வந்தவர் இதை வாயே திறக்கவில்லை.

மானியத்துக்கு டெடாவை, அதாவது தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமையைக் கேளுங்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். விசாரித்தால் டெடாவே இப்போது தனியாக இல்லை. 2024-ல் மின்வாரியத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பிரிவோடு சேர்த்து தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் ஆகிவிட்டது. அங்கே போனில் கிடைத்த அலுவலர் நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுச் சிரித்தார். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் சிறிய காற்றாலைக்கு மானியம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது 2017 மார்ச்சில் முடிந்த 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக் கதை, இப்போது யாரும் விண்ணப்பம் வாங்குவதில்லை என்றார். அந்தக் காலத்திலும் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் பட்டியலில் சேர்த்த மாடலுக்குத்தான் பணம் கிடைத்ததாம். நோட்டீஸில் மாடல் பெயர்கூட இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆகஸ்டில் பேப்பரில் இன்னொரு செய்தி வந்தது, தமிழக அரசு பழைய சிறிய காற்றாலைகளுக்குப் புதிய கொள்கை கொண்டுவந்திருக்கிறது என்று. ‘சிறிய’ என்ற சொல்லைப் பார்த்ததும் மறுபடி ஆசை. உட்கார்ந்து படித்தால், 20 வருஷம் தாண்டிய பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியதாக நிறுத்துவதற்கான 2024-ஆம் ஆண்டுக் கொள்கை அது. அந்தத் தொழிலில் 250 கிலோவாட் என்றாலே சின்னது. முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் பக்கத்து ஆட்களுக்கான விஷயம். என் ஒரு கிலோவாட் அவர்கள் கண்ணுக்குக் காற்றாடி.

இந்த அலைச்சலுக்கு நடுவில் நான் செய்த உருப்படியான வேலை ஒன்றுதான். 2,000 ரூபாய் சொச்சம் கொடுத்துக் காற்றின் வேகம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். மெத்தையில், அதாவது மொட்டைமாடியில் ஏறி, கருவியை மூங்கில் கழியில் கட்டித் தூக்கி, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்து, கிழித்த தேதிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம். பக்கத்துக் கொல்லைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "புறா புடிக்கிறியாப்பா?" என்று கேட்டார்.

காலையில் நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர். ஆடி மாதம் மாலையில் மூன்று, நான்கு. என்றைக்காவது ஐந்தரை. ராத்திரி தென்னை ஓலைகூட அசையாது.

ஒரு கிலோவாட் என்று சொன்னாரே, அது நொடிக்கு 11 மீட்டர் காற்றில் கிடைப்பது, அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறி இறங்கும். வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐந்தரை மீட்டரில் அந்த இயந்திரம் 125 வாட்தான் தரும், இரண்டு ஃபேன் ஓடும். மூன்று மீட்டருக்குக் கீழே பெரும்பாலான இறக்கைகள் சுற்றவே தொடங்காது. என் காலண்டர் தாள்களில் முக்கால்வாசி அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன.

காரணம் யோசித்தால் கண்ணெதிரே நிற்கிறது. தெற்கில் ஆடிக் காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்கிப் பாய்ந்து வேகம் பிடிக்கிறது. எங்களுக்கோ ஜவ்வாது மலை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. போதாததற்குத் தென்னை. சுற்றிலும் 100 மீட்டர் தூரத்துக்குள் இருக்கிற மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட இறக்கை 9 மீட்டராவது உயரத்தில் சுற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. என் மரங்கள் 50 அடி. கம்பம் 80 அடி வேண்டும். அவர் விலை சொன்னது 20 அடிக்கு! காற்றாற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடங்களும் 100, 120, 150 மீட்டர் உயரத்துக்கானவை. மெத்தைக் கழிக்கு அவை உதவாது.

சரி, வேலூரை வெயிலூர் என்று ஊரே கேலி செய்கிறது, அதையாவது பிடிப்போம் என்று பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குப் போனேன். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். இது தேதி போகாத திட்டம். இணையதளத்தில் ஈ.பி. இணைப்பு எண்ணைப் போட்டதும் அப்பா பெயர் வந்து நின்றது. அவர் போய் ஆறு வருஷம்.

இங்கேதான் ஒன்றரை மாதம் போனது. முதலில் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, வீட்டு வரி ரசீது, தங்கையின் சம்மதக் கடிதம். தங்கை பெங்களூரில். கடிதம் வந்தால் ஆதாரில் அவள் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறியிருந்தது, சான்றில் அப்பா இனிஷியல். மறுபடி ஒரு கடிதம். அம்மாவின் பாஸ்புக்கிலும் பெயர் ஒரு எழுத்து வேறாக இருந்ததால் பேங்குக்கு இரண்டு நடை. மானியம் இணைப்புதாரரின் கணக்குக்குத்தான் வரும், அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே இந்த மூன்று பெயரையும் நேராக்கிக்கொள்ளுங்கள்.

மற்றது சட்டென்று முடிந்தது. திட்டப் பட்டியலில் இருந்த ஒப்பந்ததாரரிடம் மூன்று கிலோவாட்டுக்கு 1,95,000 பேசினேன். மானியத்துக்கு இந்தியாவில் செய்த சூரிய செல் உள்ள பேனல்தான் செல்லும், அதைத் தாளில் எழுதி வாங்கினேன். மெத்தையில் மல்லாட்டை (நிலக்கடலை) காயவைக்க இடம் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் பேனலைத் தாங்கும் சட்டத்தை எட்டடி உயர்த்தினோம், அதற்குத் தனியாக 12,000. ஈ.பி. ஆட்கள் வந்து பார்த்து இருவழி மீட்டர் மாட்டினார்கள். பேனல் பக்கத்தில் அம்மா நிற்கும் படத்தை ஏற்றி, வங்கி விவரம் கொடுத்த 24-ஆம் நாள் 78,000 ஏறியது. நல்ல வெயில் நாளில் 12, 13 யூனிட் வருகிறது. ஆடி மாதம் மேகமும் தூசியும் சேர்ந்தால் எட்டுக்கு இறங்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் அடிக்கிறேன்.

காற்றுக் கருவியைக் குடியாத்தம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். அவரிடமும் அதே பைக்காரர் வந்திருக்கிறார், முன்பணம் 40,000 என்று குறைத்துச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கருவி இன்னும் திரும்பி வரவில்லை.