நாலாவது கொத்தில் ஒரு டம்ளர்

2009 நவம்பர் மழையில் குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வீடு மண்ணோடு சரிந்தது. கேரட் போடலாமே என்று இன்று அந்த இடத்தைக் கொத்தினேன். நாலாவது கொத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர். நசுங்கியிருந்தது. வெட்டியிருந்த பெயரில் ‘ச’ மட்டும் மிச்சம்.

அங்கே குடியிருந்த பாட்டி, இப்போது பக்கத்து வீடு, எட்டிப் பார்த்தார். “அது எங்க அடுப்படி கண்ணு. இந்தப் பக்கம் ஜன்னல் இருந்துச்சு.”

லண்டன் ஷோர்டிட்ச் பூங்கா ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அழிந்த வரிசை வீடுகள் அந்தப் புல்லுக்கடியில் கிடந்தன. 2005இலும் 2006இலும் லண்டன் அருங்காட்சியகத் தொல்லியலாளர்கள், அக்கம்பக்கத்து மக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அங்கே தோண்டினார்கள். அறுபது வருடக் குப்பை தொல்லியலா என்று கேட்டால், கீழடி மாதிரி இதுவும் தொல்லியல்தான் என்பேன். என்ன, இங்கே ‘அது எங்க அடுப்படி’ என்று சொல்ல ஆள் இருக்கிறது.

டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன். “சரசுவோடது” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேரட்டை மேல் பாத்தியில் போட்டுக்கொள்கிறேன்.